கன்னத்தில் போட்ட இன்ட்டு

பல் அடைக்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து, "இன்னா பண்ணுவாங்க, வலிக்குமா?" என்று கேட்டால், நாற்காலியில் சாய்வதிலிருந்து கடைசியாக வாய் கொப்பளிப்பது வரை ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன். ஒரே ஒருவருக்கு மட்டும் ஒரு சங்கதியை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட வேண்டும் என்று சொல்கிறவர்கள், முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தேன். பம்புசெட்டுக்கு வேண்டிய உறைகளை வார்ப்பார்கள். வார்த்து ஆறிய உருப்படியின் பிசிறுகளை உளியால் தட்டி எடுத்துச் சாணை பிடிப்பது என் வேலை. நான் பிடித்த சாணைக்குப் பிறகு உருப்படி போய் நிற்கிற இடம் செக்கிங். அங்கே ஒருவர் இருந்தார். ஆந்திர எல்லை ஓரத்து ஊர்க்காரர். வயது நாற்பதுக்கு மேல். சின்னவர் பெரியவர் பார்க்காமல் எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். கையில் ஒரு சின்ன சுத்தியல். சட்டைப் பையில் வெள்ளை சாக்பீஸ் ஒன்று, சிவப்பு ஒன்று.

உருப்படியைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். 'ணங்' என்று மணி மாதிரி கேட்டால் வெள்ளையில் ஒரு டிக். 'பொத்'தென்று கேட்டால் சிவப்பில் ஒரு இன்ட்டு, அதாவது ரிஜெக்ட். இரண்டிலும் சேராமல் சந்தேகமாக இருந்தால் குறியே போடமாட்டார். "ஹோல்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிச் சுவரோரம் தள்ளிவிடுவார். ஹோல்டில் போன மால் மாதக்கணக்கில் அங்கேயே மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்துக் கிடக்கும். அது தேறுமா தேறாதா என்று யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு வழக்கம் உண்டு. வார்க்கும்போது காற்று சிக்கிக்கொண்டால் இரும்பில் பொத்தல் விழும். சிலர் அந்தப் பொத்தலில் இரும்புத் தூளையும் அரக்கையும் குழைத்து அடைத்து, மேலே கரியைத் தேய்த்து, நல்ல மால் மாதிரி அனுப்பிவிடுவார்கள். சுத்தியலுக்கு அது தெரிந்துவிடும். உடனே செக்கிங்காரர் கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி, "அடைச்ச மாலு!" என்று கத்துவார். அந்த ஆள் ஒரு வாரத்துக்குத் தலையைத் தூக்க முடியாது. எங்கள் பட்டறையில் அடைப்பது என்றால் அது திருட்டுத்தனத்துக்குப் பெயர். இந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு வினை வந்தது.

எனக்கு இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தை. மிளகு அளவு பொத்தல்தான். வலி மட்டும் காது வரை ஏறி, நெற்றிப்பொட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. கன்னம் வீங்கிவிட்டது. மண் சலிக்கிற அக்கா ஒருத்தி எங்கள் கொட்டகையில் உண்டு. அவள் வாயைத் திறந்தால் நான் உளியைக் கீழே வைத்துவிடுவேன், அப்படிப் பேசுவாள். என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஒரு பக்கம் கல்யாண ஊடு, ஒரு பக்கம் எழவு ஊடு கணக்கா கீது மொகம்?" என்றாள். அவளுக்கு நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"மதியம் திருவள்ளூரு போறேங்க்கா. பல்லு அடைக்க."

பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அடைக்க என்று சொல்லிவிட்டேன். செக்கிங்காரர் சோற்று டப்பாவைக் கீழே வைத்தார்.

"இன்னாது? அடைக்கவா? கேட்டீங்களா எல்லாரும்? நம்ம சாணை நைனா வாயிலயே அடைச்ச மால் வெச்சிக்கப் போறாரு!"

கொட்டகை குலுங்கியது. அவர் விடவில்லை.

"தெரிஞ்சிக்கினு போ நைனா. மொதல்ல டிரில்லு வுடுவான். நம்ம டிரில்லு மாதிரி சுச்சி கெடையாது, ஒருத்தன் கால்ல மெறிப்பான். மெறிக்கிறவன் தும்முனான்னு வெச்சிக்கோ, பிட்டு நேரா மூளைக்கு! அப்பறம் ரசம் ஊத்துவான்."

"ரசமா? மொளகு ரசமாண்ணா?" என்றாள் மண் சலிக்கிற அக்கா.

"பாதரசம்மா! நைனா தூங்கசொல்ல அது உருண்டு உருண்டு வயித்துக்குள்ள எறங்கும். கொடலு வெள்ளியாப் பூடும்."

"அப்ப சோறு மட்டும் இவரு எடுத்துக்கினு போனா போதும்" என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீங்கின கன்னத்தோடு சிரித்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாத சங்கதி. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து வந்து இடது கையால் என் தாடையைப் பிடித்து, "ஆடாத" என்று சொல்லி, பையிலிருந்து சிவப்பு சாக்பீஸை எடுத்து, வீங்கின கன்னத்தின் மேலேயே அழுத்தி ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு போட்டார். சாக்பீஸ் பட்ட இடமெல்லாம் உளி பட்ட மாதிரி இருந்தது.

"ரிஜெக்ட்டு!" என்றார்.

குழாயடியில் கழுவினேன். வலியில் அழுத்தித் தேய்க்க முடியவில்லை. பாதிச் சிவப்பு அப்படியே நின்றது. பெரியபாளையத்தில் பஸ் மாறும்போது பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் என் கன்னத்தையே பார்த்துவிட்டு, "ஆத்தாளுக்கு வேண்டுதலாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன சொல்ல?

திருவள்ளூரில் தேரடிக்குப் பக்கத்தில், அரிசி மண்டிக்கு மேலே, மாடியில் பல் டாக்டர். அதிகம் பேசாதவர். என் கன்னத்துச் சிவப்பை அவரே பஞ்சால் துடைத்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை. சாய்வு நாற்காலி, பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பேசின், அதற்கு அந்தப்புறம் தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்கிற ஒரு இயந்திரம். அதன் கயிறு சுற்றினால் டாக்டர் கையில் இருக்கிற டிரில் சுற்றும். மிதிப்பதற்குக் கம்பவுண்டர். டாக்டர் டிரில்லை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். கம்பவுண்டர் காலை எடுத்து மிதியில் வைத்தார். வைத்துவிட்டு, மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

அவ்வளவுதான். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"புடுங்கிடுங்க சார்."

"எதுக்குய்யா? நல்ல பல்லு. அடைச்சா இன்னும் முப்பது வருஷம் ஒழைக்கும்."

"வேணாம் சார். புடுங்கிடுங்க."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். வேர் இரண்டும் கருங்காலிக் கட்டை மாதிரி உறுதியாக இருந்தன. தலையில் மட்டும் அந்த மிளகுப் பொத்தல். என் கையால் எத்தனையோ உருப்படிகளை ரிஜெக்டுக்குத் தூக்கிப் போட்டிருக்கிறேன். இப்படி ஒரு நல்ல மாலைப் போட்டதில்லை.

அதற்குப் பிறகு இடது பக்கம் மெல்லுவது நின்றது. முறுக்கு, வறுத்த பட்டாணி, கரும்பு எல்லாம் வலது பக்கத்துக்கு மாறின. இரண்டு வருஷம் கழித்து, வேலை அதிகமாகிப்போன அந்த வலது பக்கத்திலேயே ஒரு பல் சொத்தையானது. இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. அதே மாடிப்படி, அதே நாற்காலி. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில், "ஆச்சு, எழுந்திரு" என்றார் டாக்டர்.

"இவ்ளோதானா சார்?"

"இவ்ளோதான்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதேன், ஆத்திரத்தில். மூளையும் இல்லை, குடலும் இல்லை, உருண்டு இறங்குகிற ரசமும் இல்லை. வெறும் அரை மணி நேரம். அதற்கு பயந்துகொண்டு ஒரு பல்லைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். நாக்கு தானாகப் போய் இடது பக்கத்துக் காலி இடத்தைத் தடவியது. அந்தப் படியிலேயே முடிவு செய்தேன். அந்த ஆளும் ஒருநாள் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். அன்றைக்கு நான் பக்கத்தில் இருப்பேன்.

காத்திருந்தேன். அவர் சிரிக்கும்போதெல்லாம் வாய்க்குள்ளே பார்ப்பேன். நல்ல வரிசை. எனக்கு எரிச்சலாக இருக்கும். பட்டறை வாசல் கடையில் கமர்கட் விற்பார்கள். வெல்லப்பாகில் செய்த உருண்டை, பல்லில் ஒட்டினால் அரைமணிக்கு இறங்காது. அதை வாங்கி, சோறு தின்றதும் அவருக்கு ஒன்று நீட்டத் தொடங்கினேன். "வாய்க்கு ருசியா ஒண்ணு போடுங்கண்ணா." அவர் இரண்டு எடுத்துக்கொள்வார். "உன் கைக்குத்தான் நைனா இந்த மனசு" என்பார். தினம் தவறாமல், ஒரு வருஷத்துக்கு மேல் கொடுத்தேன். அக்கா மட்டும் ஒருநாள் சல்லடையை நிறுத்திவிட்டு, "நீ அவருக்கு சாமி கும்புடுறியா, சூனியம் வெக்கிறியா?" என்று கேட்டாள். அவளுக்குக் கண் கூர்மை.

ஒருநாள் கமர்கட்டை நீட்டினேன். "வேணாம் நைனா" என்றார். இடது கை கன்னத்தில் இருந்தது. பக்கத்தில் போனால் கிராம்பு வாசனை. அன்றைக்கு நான் சாணை பிடித்த உருப்படிகளில் முகம் தெரிந்திருக்கும், அத்தனை உற்சாகம்.

அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அக்கா இருக்கிறாள், கொட்டகை இருக்கிறது, அவரே கற்றுக்கொடுத்த வார்த்தை இருக்கிறது. எட்டு நாள் பொறுத்தார். ஒன்பதாம் நாள் மண் குவியலுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, நீ அந்த நாற்காலியில குந்துனவன். எனக்கு ஒண்ணு பேஜாரு பண்ணுது. புடுங்கிப் போட்ரலாம்னு கீறேன். வெளிய தெரியாது பாரு."

அதுதான் நடக்கக்கூடாது. பிடுங்கிவிட்டால் அவர் தப்பித்துவிடுவார். காலி இடம் வாய்க்குள்ளே இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கு அவர் அடைத்துக்கொள்ள வேண்டும். அடைச்ச மாலாக என் எதிரே ஆயுசுக்கும் நடமாட வேண்டும்.

"புடுங்காதீங்கண்ணா. நல்ல பல்லு. நான் ரெண்டாவது வாட்டி அடைச்சிக்கினேன், யாருக்கும் சொல்லல. பாருங்க." வாயைத் திறந்து வலது பக்கத்தைக் காட்டினேன். பழக்க தோஷம், விரலை விட்டு நகத்தால் ஒரு தட்டு தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ணங்குனு கீதே!"

"நல்ல மாலுண்ணா."

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு சாக்பீஸுல நான் ஒரு விளையாட்டு... மனசுல வெச்சிக்கினு கீறியா?"

"அத எப்பவோ மறந்துட்டேண்ணா." அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சத்தியம்.

மறுநாள் காலை இருவரும் ஒரு வேளை லீவு போட்டுக்கொண்டு கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன்.

"மொதல்ல இன்னா பண்ணுவான்?"

"சின்னக் கண்ணாடி வுட்டுப் பாப்பாரு. கொக்கி மாதிரி ஒண்ணால பொத்தலக் கிண்டுவாரு, அப்ப ஒரு சுருக்கு. அப்பறம் கண்ணாடிப் பிடியால பல்லத் தட்டிப் பாப்பாரு."

"தட்டுவாரா?" முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப தெரிஞ்ச ஆளுதான்."

"ஈறுல ஊசி போடுவாரு. எறும்பு கடிச்சா மாதிரி. தொண்டையில கொஞ்சம் கசக்கும். அஞ்சு நிமிஷத்துல ஒதடு தோச கணக்கா தடிச்சிப்போன மாதிரி இருக்கும். தடிக்காது, அப்படித் தோணும்."

"டிரில்லு?"

"சத்தம்தான் பெருசு. மண்டைக்குள்ள வண்டி ஓடும். கொம்பு தீயற மாதிரி ஒரு நாத்தம் வரும், பயப்படாதீங்க, அது உங்க பல்லுதான். வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடுவாரு."

"அந்த ரசம்..."

"கல்வத்துல வெள்ளித் தூளையும் ரசத்தையும் போட்டு அரைப்பாரு. துணியில போட்டுப் பிழிஞ்சா களி மாதிரி ஆவும். அத துளித்துளியா வெச்சி அமுக்குவாரு. அமுக்கசொல்ல கிறீச் கிறீச்சுனு கேக்கும். ஒரு எடத்துக்கும் உருளாது. கடைசில கடிக்கச் சொல்லுவாரு, ஒசரமா இருந்தா செதுக்குவாரு. நம்ம வேலதாண்ணா. இன்னிக்கு அந்தப் பக்கம் மெல்லக்கூடாது. முடிஞ்சிது."

ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே வந்தவர் வெங்கல் தாண்டியதும், "நீ சொல்றது நம்புற மாதிரியே இல்ல நைனா. இவ்ளோ சுளுவா இருந்தா நான் ஏன் அப்பிடிச் சொன்னேன்?" என்றார். எனக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது. கேட்கவில்லை.

நாற்காலியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டு உதடு மரத்ததும் டிரில் கிட்ட வந்தது. அதே கம்பவுண்டர் காலை வைத்தார். இவர் எழப் பார்த்தார். அன்றைக்கு நான் எழுந்த மாதிரியே. இரண்டு முழங்காலையும் அழுத்திப் பிடித்தேன். "மூக்கால மூச்சு வுடுங்கண்ணா. நான் கீறேன்ல." டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அண்ணன் தம்பி என்று நினைத்திருப்பார். இயந்திரம் ஓடிற்று. கொம்பு நாற்றம் வந்தது. கல்வத்தில் வெள்ளி அரைபட்டது. கிறீச் கிறீச்சென்று டாக்டர் அமுக்க அமுக்க, நான் உள்ளே ஒவ்வொன்றாக எண்ணினேன்.

எழுந்ததும் அவர் கேட்டது, "இவ்ளோதானா?" அதே வார்த்தை.

செக்கிங்காரர் பேசின் பக்கம் போய்க் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது, "ரெண்டு மணி நேரம் மரத்துதான் இருக்கும்" என்றார் டாக்டர் என்னிடம். "கன்னத்தக் கடிச்சிக்காம பாத்துக்க. கிள்ளினாக்கூட தெரியாது."

நான் சொல்லாமல் விட்டது அதுதான். உதடு தடித்தது போல இருக்கும் என்று சொன்னேன். கன்னத்தில் என்ன நடந்தாலும் தெரியாது என்று சொல்லவில்லை. என் இடுப்பு மடிப்பில், முந்தின நாளே அவருடைய செக்கிங் மேஜையிலிருந்து எடுத்த சிவப்பு சாக்பீஸ் இருந்தது.

திரும்பும்போது அவரை வழிப்பக்கம் உட்காரவைத்து, அவருடைய மரத்த பக்கத்துக்கு அடுத்தாற்போல் நான் உட்கார்ந்தேன். மரத்த வாயோரத்தில் எச்சில் ஒழுகியது.

"ஒழுவுதா நைனா?"

"ஆமாண்ணா. அந்தப் பக்கமா திரும்புங்க, தொடைக்கிறேன்."

கைக்குட்டையால் நன்றாகத் துடைத்தேன். கைக்குட்டைக்குள் சாக்பீஸ். காது ஓரத்திலிருந்து தாடை வரை ஒரு கோடு. அவர் அசையவில்லை.

"உன்ன மாரி ஒருத்தன் கெடைக்கணும் நைனா" என்றார், குழறிக்கொண்டு. "கூடப் பொறந்தவன்கூட இப்பிடிப் பண்ண மாட்டான்."

கை நின்றது. ஒரு கோடு என்றால் ஏதோ கறை. அதோடு துடைத்துவிட்டிருக்கலாம். பெரியபாளையம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பஸ் மாறி ஏறினதும் நாக்கு தானாகப் போய் அந்தக் காலி இடத்தைத் தொட்டது. "மறுபடியும் ஒழுவுதுண்ணா" என்றேன். இரண்டாவது கோட்டைப் போட்டேன்.

மூன்று மணி, ஷிப்டு மாறுகிற நேரம். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாக கேட்டில் கூட்டம். அவர் முன்னால் நடந்தார், பாதி வாயால் சிரித்துக்கொண்டு. யாரோ ஒருவன் பார்த்தான். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். மண் சலிக்கிற அக்கா இடுப்பில் சல்லடையோடு கிட்டே வந்து, கன்னத்துச் சிவப்பையும் மரத்துக் கோணின வாயையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, மொளகு ரசமா, பருப்பு ரசமா?"

கேட் இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சிரித்தார். வீங்கின கன்னத்தோடு நான் சிரித்த அதே சிரிப்பு. அதைப் பார்க்கத்தான் நான் அத்தனை கமர்கட் வாங்கினேன். பிறகு கன்னத்தைத் தடவினார். கை சிவந்தது. கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். நேராகக் குழாயடிக்குப் போனார்.

மறுநாள் நான் சாணையில் இருந்தபோது எதிரே வந்து நின்றார். வாயைத் திறந்தார். "தட்டிப் பாரு" என்றார்.

நகத்தால் தட்டினேன். நல்ல வேலை. 'ணங்' என்றது. அவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளை சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார். கொட்டகை முழுக்க வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வாங்கவில்லை.

"ஹோல்டு" என்றேன்.

தன் சட்டத்தைத் தானே கேட்ட மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு "அடைச்ச மாலு" என்று அவர் கத்திக் கேட்டதில்லை. பேசாமல் இன்ட்டு போட்டுத் தள்ளிவைத்துவிடுவார். கொட்டகையில் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து பல் டாக்டர் மாடி எங்கே என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கன்னம் மரத்துப்போவதையும் சேர்த்தே சொன்னேன்.

எங்களுக்குள் பேச்சு நின்றுவிடவில்லை. கமர்கட்தான் நின்றது. எப்போதாவது என்னைக் கடந்து போகும்போது, "இன்னா நைனா, பாஸா?" என்று கேட்பார். "ஹோல்டுலதாண்ணா கீது" என்பேன். எழுபதுகள் முடிவதற்குள் அவர் வேறு பட்டறைக்கு மாறிப் போனார். போகிற அன்று சாணைக்கு முன்னால் வந்து வாயை அகலத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளி அப்படியே பளபளத்தது. ஒரு இம்மி தேயவில்லை.

"இப்பயாவது சொல்லேன் நைனா."

என் நாக்கு இடது பக்கத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை, வழவழப்பான ஈறு மட்டும்தான். அந்த இடம் நிறைந்தால் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஹோல்டுண்ணா" என்றேன்.